தங்கம் வந்த வழியை யாரிடம் கேட்கிறோம்?

போன தை மாதம் அக்கா மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். பாட்டியின் பழைய இரட்டைவடச் சங்கிலியை அழித்துக் கம்மலும் ஒரு சின்னச் சங்கிலியும் செய்துகொள்ளலாம் என்று வீட்டில் முடிவானது. தர்மபுரியில் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாக நகை செய்து தரும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில்தான் பட்டறை. சங்கிலியை வாங்கி உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். பக்கத்திலேயே மாற்று, அதாவது தரம், தெரிந்த தங்கத்தால் இன்னொரு இழுப்பு. இரண்டின் மேலும் அமிலத்தைத் தொட்டு வைத்து நிறத்தைப் பார்த்தார். அப்புறம் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டி மூசையில் போட்டு, மேலே ஒரு சிட்டிகை வெண்காரம் தூவி ஊதினார். சில நிமிடத்தில் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சரிந்து, ஒரே முத்தாகத் திரண்டன. மேலிருந்த அழுக்குப் படலம் ஓரத்துக்கு ஒதுங்கியதும் உள்ளே வெயில்போல ஒரு வெளிச்சம்.

"இது எங்க பாட்டியோடதுண்ணா" என்றேன், ஏனோ சொல்லத் தோன்றியது. அவர் இடுக்கியைக் கீழே வைக்காமல், "உருக்கிட்டா எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார்.

தங்க வியாபாரத்தின் மொத்தச் சிக்கலும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. தங்கம் துருப்பிடிக்காது, அழியாது, எத்தனை முறை உருக்கினாலும் தங்கமாகவே இருக்கும். அதனால்தான் அதற்கு மதிப்பு. அதனாலேயே அது எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது என்ற தடமும் ஒவ்வொரு உருக்கலிலும் கரைந்துவிடுகிறது. சுரங்கத்திலிருந்து வரும் கச்சாக் கட்டியில் வெள்ளி, செம்பு, ஈயம் எல்லாம் அந்தந்த மண்ணுக்கே உரிய அளவில் கலந்திருக்கும். ஆய்வகத்தில் பார்த்தால் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். 999.9 சுத்தத்துக்கு, அதாவது ஆயிரத்தில் 999.9 பங்கு தங்கம் என்ற அளவுக்கு, கொண்டுவந்த பிறகு அந்த அடையாளமும் போய்விடும். அதன்பின் மிஞ்சுவது காகிதம் மட்டும்தான். தங்கத்தின் வரலாறு என்பது தங்கத்தில் இல்லை, அதோடு கூட வரும் சீட்டில் இருக்கிறது.

பாட்டியின் சங்கிலி, தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்துச் சேர்த்த கூலியில் வாங்கியது. அவர் தோண்டிய தங்கம் அல்ல, தோண்டிய கூலியில் கடையில் வாங்கிய தங்கம். இந்த வித்தியாசத்தை அம்மா எப்போதும் அழுத்திச் சொல்வார்.

கிருஷ்ணகிரியிலிருந்து நேர்கோடு போட்டால் வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் தங்கவயல் வந்துவிடும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத்தைக் கையில் எடுத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இந்த 120 ஆண்டுகளில் எடுத்தது ஏறத்தாழ 800 டன். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பகுதி தலித்துகள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். 1965 வரை தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் எடுத்த தங்கம் லண்டனுக்குப் போனது.

திருட்டைத் தடுக்க என்று 1897-இல் மைசூர் சமஸ்தானம் சுரங்கங்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேலை முடிந்து மேலே வரும் தொழிலாளியைச் சோதனை போடுவது அன்றாட வழக்கமாக இருந்தது. 1930-இல் தொழிலாளர் எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முயன்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். தங்கவயலின் பெரிய போராட்டங்களில் ஒன்று அது. தோண்டியவரின் விரல் நுனிவரை பதிவேட்டுக்குக் கேட்டார்கள். அந்தத் தங்கத்தோடு எத்தனை பேரின் நுரையீரலில் பாறைத்தூசி படிந்தது என்று லண்டனில் கட்டியை வாங்கியவர் யாரும் கேட்கவில்லை. சுரங்கம் மூடிய பிறகும் சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த கழிவு மண் மலை மலையாக அங்கேயே நிற்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது.

தங்கத்தின் வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைரேகைதான் நினைவுக்கு வருகிறது. "இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி எப்போதும் கீழே இருப்பவரைப் பார்த்தே கேட்கப்படுகிறது. மேலே பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது.

இன்று நம் கழுத்தில் ஏறும் தங்கம் உள்ளூர்த் தங்கம் அல்ல. இந்தியா ஆண்டுக்கு 700, 800 டன் அளவில் தங்கம் வாங்குகிறது. உள்நாட்டுச் சுரங்க உற்பத்தி என்று சொல்லும்படி இருப்பது பெரும்பாலும் கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்தில் உள்ள ஹட்டிச் சுரங்கம். அங்கிருந்து வருவது ஓரிரு டன்தான். கிருஷ்ணகிரி அருகே மகாராஜகடைப் பக்கம் தங்கம் தேடி நிலவியல் ஆய்வுகள் நடந்ததுண்டு. அதெல்லாம் கடைக்கு வரும் கதை இல்லை. மிச்சமெல்லாம் இறக்குமதி. சுவிட்சர்லாந்திலிருந்தும் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்தும் பெருமளவு வருகிறது. இந்த இரண்டு நாடுகளிலும் பெயர் சொல்லும்படி தங்கச் சுரங்கம் கிடையாது. அவை தங்கம் சுத்திகரிக்கப்பட்டுக் கைமாறும் இடங்கள். "சுவிஸ் தங்கம்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வது கடைசியாக உருக்கிய ஊரின் பெயர், பிறந்த ஊரின் பெயர் அல்ல.

பிறந்த ஊர் எங்கெல்லாம் இருக்கலாம்? உலகச் சுரங்கங்கள் ஆண்டுக்கு 3,600 டன் அளவில் தங்கம் எடுக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறு சுரங்கக்காரர்களிடமிருந்து வருகிறது. கானா, பெரு, காங்கோ, சூடான், இந்தோனேசியா என்று பல நாடுகளில் மண்வெட்டியும் சல்லடையும் வைத்துத் தோண்டுகிறவர்கள். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பெண்களும் குழந்தைகளும் அதில் பெரிய எண்ணிக்கையில் உண்டு. இவர்களில் ஏராளமானோர் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துகிறார்கள். பொடித்த தாதுவில் பாதரசத்தைப் பிசைந்தால் தங்கத் துகள்களைப் பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரளும். அந்த உருண்டையைச் சட்டியில் வைத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் நிற்கும். அந்த ஆவி எங்கே போகிறது? சூடாக்குகிறவரின் மூச்சுக்குள், அடுப்படியில் நிற்கும் பிள்ளைகளின் மூச்சுக்குள், பிறகு ஆற்றுக்கும் மீனுக்கும். மனிதர்களால் உலகக் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. பாதரசத்தைக் குறைக்க 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு பக்கம் சண்டை. காங்கோவின் கிழக்குப் பகுதியில் ஆயுதக் குழுக்கள் சுரங்கங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு வரி வசூலிப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. சூடானில் 2023 ஏப்ரலில் வெடித்த உள்நாட்டுப் போரில் இரு தரப்புக்கும் தங்கம் பெரிய வருமானம். அங்கிருந்து தங்கம் கையில், பையில், விமானத்தில் வெளியேறி ஒரு சந்தையை அடைகிறது, அங்கே உருக்கப்படுகிறது, உருக்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

இதைத் தடுக்க உலகம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் என்ற பன்னாட்டு அமைப்பு கனிமங்களுக்கு ஒரு வழிகாட்டி நெறியை உருவாக்கியது. 2012-இல் தங்கத்துக்கெனத் தனிப் பகுதியும் சேர்ந்தது. அதன் சாரம் எளிது. தங்கம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு முன்னால் இருப்பவர் யார், அவருக்கு முன்னால் யார் என்று தேட வேண்டும். ஆபத்து எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். சுத்திகரிப்பு ஆலை அளவில் வெளியாள் தணிக்கை நடக்க வேண்டும். என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் வெளியே சொல்ல வேண்டும். சுத்திகரிப்பு ஆலையைக் குறி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சுரங்கங்கள் ஒரு பக்கம், லட்சக்கணக்கான நகைக்கடைகள் இன்னொரு பக்கம், நடுவில் சில நூறு ஆலைகள்தான். மணற்கடிகாரத்தின் இடுப்பு மாதிரி. அந்த இடத்தில் பிடித்தால் பிடிபடும். லண்டன் தங்கச் சந்தைச் சங்கமும் 2012 முதல், தரத்தை ஏற்றுத் தன் பட்டியலில் சேர்த்துள்ள ஆலைகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பது ஹரியானாவில் உள்ள எம்எம்டிசி-பேம்ப் ஆலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரி 1 முதல் இறக்குமதியாளர்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது.

ஆனால் கேள்வியைத் தவறாகக் கேட்டாலும் கெடுதல் வரும். 2010-இல் அமெரிக்கா, தன் நிறுவனங்கள் காங்கோப் பகுதிக் கனிமங்களைப் பயன்படுத்தினால் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நோக்கம் நல்லது. விளைவு, பல நிறுவனங்கள் தலைவலியே வேண்டாம் என்று அந்தப் பகுதியிலிருந்து வாங்குவதையே விட்டுவிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் காங்கோ அரசும் கிழக்கு மாகாணங்களில் சுரங்கத் தொழிலைச் சில மாதங்களுக்கு நிறுத்தியது. ஆயுதக் குழுவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கூலிக்காரர்கள் அடுப்பெரிக்க வழியில்லாமல் நின்றார்கள். பொறுப்பாக வாங்குவது என்றால் ஏழையிடம் வாங்காமல் இருப்பது என்று பொருளாகிவிடக் கூடாது. அவரிடம் நியாயமான விலைக்கு வாங்கி, பாதரசம் இல்லாமல் பிரிக்க வழி செய்து, அவர் பெயரைச் சீட்டில் எழுதுவதுதான் பொறுப்பு.

இந்த ஏற்பாட்டிலேயே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அது நம் ஊர்ப் பழக்கத்தோடு நேராகத் தொடர்புள்ளது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பழைய நகையை உருக்கி எடுக்கும் தங்கத்துக்கு மறுசுழற்சித் தங்கம் என்று பெயர். அதற்குப் பிறந்த இடம் என்று உருக்கிய இடத்தையே வைத்துக்கொள்ளலாம். பாட்டி சங்கிலியின் சுரங்கத்தைத் தேடி யாரும் போக முடியாது என்பதால் இது நியாயமான விலக்குதான். உலகத் தங்க வரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்படி வருவது. ஆனால் சண்டை நடக்கும் பகுதியின் தங்கத்தை முரட்டுத்தனமாக ஒரு வளையலாக வார்த்து "பழைய நகை" என்று விற்றால் அதுவும் இந்த வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். நம் ஊரிலும் பில் இல்லாமல் வாங்கி அன்றைக்கே உருக்கும் இடங்கள் இருக்கும் வரை, பறித்த தாலிச் சங்கிலிக்கும் இதே வாசல்தான்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? தங்கத்தின் தரத்தைச் சோதித்துக் குத்தும் ஹால்மார்க் முத்திரை இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் கட்டாயமாகத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல், கட்டாயம் உள்ள இடங்களில் ஆறு எழுத்து எண் கொண்ட தனி அடையாளக் குறி இல்லாமல் நகை விற்கக் கூடாது. மோதிரத்தின் உட்புறத்தையோ சங்கிலியின் கொக்கியையோ லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்று குறிகள் தெரியும்: முக்கோண முத்திரை, 22கே916 போன்ற தரக்குறி (22 காரட், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்), அந்த ஆறு எழுத்து எண். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை அனுப்பியது, எந்த மையம் சோதித்தது, என்ன வகை நகை என்று காட்டும். கையில் இருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்று சொன்னால் அது போலி முத்திரை. முத்திரைக்கு ஒரு நகைக்கு 45 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் கட்டணம். தரம் குறைந்திருந்தால் குறைவின் மதிப்பில் இரண்டு மடங்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று விதியே இருக்கிறது. நம் பகுதியில் இதைத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. இன்னமும் "கேடிஎம் நகைதானே?" என்று தரம் கேட்பதுபோலக் கேட்கிறார்கள். அது காட்மியம் கலந்த பற்றவைப்பு. ஊதும்போது கிளம்பும் அதன் புகை ஆசாரியின் நுரையீரலைக் கெடுப்பது, அதனாலேயே கைவிடப்பட்டது. தங்கம் வந்த வழி என்பதில் பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் மூச்சும் சேர்ந்ததுதான். ஓசூரில் டைட்டன் நிறுவனம் கைவினைஞர்களுக்காக அமைத்த பூங்காக்களில் காற்றோட்டத்துடன் கூடிய பணியிடம் இருப்பதைப் பெரிய நிறுவனத்தின் வசதி என்று ஒதுக்கிவிடாமல், சந்துப் பட்டறைக்கும் அது எப்படி வரும் என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் ஹால்மார்க் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இதில் எவ்வளவு தங்கம்? இது எங்கிருந்து வந்த தங்கம் என்று அந்த ஆறு எழுத்துக்குத் தெரியாது.

அந்தப் பதில் எங்கேயும் இல்லாமலும் இல்லை. வெளிநாட்டுச் சுரங்கத்தின் கச்சாக் கட்டியைச் சலுகை வரியில் இந்தியாவுக்குக் கொண்டுவர ஒரு நிபந்தனை உண்டு. உற்பத்தியான நாட்டிலிருந்து நேரடியாக வந்திருக்க வேண்டும், சுரங்க நிறுவனம் கொடுத்த பட்டியலும் தரச் சான்றும் கூடவே இருக்க வேண்டும். பெருவிலிருந்தும் கானாவிலிருந்தும் இப்படிக் கட்டிகள் வருகின்றன. அதாவது, துறைமுகத்தில் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. கடையில் தரச் சான்றிதழ் இருக்கிறது. நடுவில் ஆலை, மொத்த வியாபாரி, பட்டறை என்று மூன்று படிகளில் முதல் சீட்டு நின்றுபோகிறது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டைக் கீழே இறக்கி ஆறு எழுத்து எண்ணோடு இணைக்க வேண்டும். செயலியில் கடைப் பெயருக்குக் கீழே ஆலையின் பெயரையும் ஒரு வரியாகக் காட்டலாம். பழைய தங்கம் என்றால் பழைய தங்கம் என்றே எழுதட்டும்.

இதற்குப் பதிலாக நடப்பதைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு ஒரு வரைவு விதி வெளியிட்டது. அடகு வைப்பவர் நகை தனக்குச் சொந்தமானது என்பதைக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. பாலக்கோட்டில் தக்காளி நடவுக்கும், கிருஷ்ணகிரியில் மாந்தோப்புச் செலவுக்கும் தாலிச் சங்கிலியை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓடுகிற குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. அம்மா போட்ட நகைக்கு யார் வீட்டில் பில் இருக்கும்? தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் வந்த இறுதி விதியில் பிடி தளர்ந்தது, சிறு கடன்களுக்குக் கூடுதல் தொகையும் கிடைக்கும்படி ஆனது. தளர்த்தியது சரிதான். திருட்டு நகை அடகுக்கு வராமல் தடுப்பதும் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சவரனை அடகு வைக்கும் பெண்ணிடம் வழி கேட்கிற நாட்டில், டன் கணக்கில் சுத்திகரித்த கட்டி வாங்குகிறவரிடம் அதே கேள்வியைக் கேட்கும் சட்டம் இல்லை. தங்கவயலின் கைரேகைப் பதிவேடு வேறு உருவத்தில் தொடர்வதாகத்தான் எனக்குப் படுகிறது.

தமிழக அரசுமே பெரிய வாங்குபவராக இருந்திருக்கிறது. தாலிக்குத் தங்கம் திட்டத்தில் 2011 முதல் 4 கிராமும் 2016 முதல் 8 கிராமும் மணப்பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. 2022-இல் அது கல்லூரி மாணவிகளுக்கான உதவித்தொகையாக மாறியது. இத்தனை ஆயிரம் நாணயங்கள் வாங்கும்போது சுரங்கத்தின் பெயரையும் ஒப்பந்தப்புள்ளியில் கேட்டிருந்தால் சந்தையே அசைந்திருக்கும். இனி வரும் எந்தக் கொள்முதலிலும் கேட்கலாம். கணக்கு வைக்க முடியும் என்பதற்குக் கோயில் தங்கமே உதாரணம். பயன்படாத காணிக்கை நகைகளை ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையிலான குழுக்களின் மேற்பார்வையில் கல், அரக்கு நீக்கி எடை போட்டு, மும்பை அரசு நாணயச் சாலையில் கட்டியாக்கி, வங்கியில் வைத்து வட்டி எடுத்திருக்கிறார்கள். மனசு வைத்தால் ஒவ்வொரு கிராமுக்கும் சீட்டு போட முடிகிறது.

அக்கா மகளின் கம்மலுக்கு வருகிறேன். இரண்டும் சேர்ந்து 2 கிராமுக்குள் அடங்கிவிட்டதால் ஹால்மார்க் தேவைப்படவில்லை. அந்த எடைக்குக் கீழே விலக்கு உண்டு. மிச்சத் தங்கம் சங்கிலிக்குப் போதாததால், அதைக் கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் புதிதாகவே வாங்கிவிட்டோம். சங்கிலியின் எண்ணைச் செயலியில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன், "இந்தத் தங்கம் எங்கிருந்தும்மா வருது?" "கோயம்புத்தூர்க்கா" என்றார். செய்த ஊரைச் சொல்கிறார். "கட்டி எங்கே வாங்கினது?" அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் நல்ல மனிதர், எரிச்சல்படவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, பில்லின் பின்பக்கத்தில் என் தொலைபேசி எண்ணை எழுதச் சொன்னார்.

நான்காவது நாள் அழைத்தார். கோயம்புத்தூர் மொத்த வியாபாரியிடம் விசாரித்தாராம். கட்டி வாங்கிய ஆலையின் பெயர் கிடைத்தது. அது எந்தச் சுரங்கத்திலிருந்து, பழைய தங்கமா புதுத் தங்கமா என்று அந்த ஆலைக்கு எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நானே போய்க் கேட்பதாக இருக்கிறேன்.